வீடு 4.5 லட்சம் டாலர், மட் வரி 1.35: வாங்கலாமா, ஓடலாமா?

புதுவீட்டு பிரபு | சனி, காலை 9:12

வணக்கம் மக்களே. ஹூஸ்டனுக்கு மேற்கே ஃபுல்ஷியர் பக்கம் ஒரு புது வீடு பாத்திருக்கோம். விலை 4,50,000 டாலர். நல்ல பள்ளிக்கூடம், கிழக்கு வாசல், பூஜை அறைக்குத் தனி இடம். வீட்டம்மா மனசுக்குள்ள ஏற்கெனவே பால் காய்ச்சிட்டாங்க.

நேத்து பில்டர் ஆபீஸ்ல கையெழுத்துக்குக் கொடுத்த கட்டுல ஒரு தாள் இருந்துச்சு. இந்த மனை ஒரு முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ள (எம்.யு.டி., சுருக்கமா மட், இங்கிலீஷ்ல சேறுன்னும் அர்த்தம்) வருது, 100 டாலர் மதிப்புக்கு 1.35 டாலர் வரி, வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்த கடன் பத்திரம் 18 கோடி டாலர், இதுவரைக்கும் வெளியிட்டது 2.4 கோடின்னு போட்டிருக்கு. சேல்ஸ் அம்மாகிட்ட கேட்டா "அது சும்மா மட்தான்"னு சிரிச்சுக்கிட்டே அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டாங்க.

இது எச்.ஓ.ஏ.ங்கிற வீட்டுக்காரங்க சங்கம் மாதிரி ஏதாவதா? எப்ப முடியும்? முக்கியமா, 18 கோடிக்கு ஒப்புதல் கொடுத்த அந்த வாக்காளர்கள் யாரு? நான் பாத்த வரைக்கும் அங்க பாதி இடத்துல இன்னும் மாடுதான் மேயுது.

சுகர்லேண்ட் மாப்ளே | சனி, காலை 9:40

சேத்துல கால் வெக்கிறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, புண்ணியவான். நாங்கல்லாம் வெச்சப்புறம்தான் கேட்டோம். எங்க வீட்டுக்கு மட் போதாதுன்னு லிட் வேற. பிரேசோஸ் ஆத்து வெள்ளம் உள்ள வராம கரை கட்டி வெச்சிருக்கிற லெவி டிஸ்ட்ரிக்ட், அதுக்குத் தனி வரி. வரி ரசீதைப் பாத்தா கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரு போட்ட மாதிரி வரிசையா இருக்கும்.

எச்.ஓ.ஏ. வேற, மட் வேற. எச்.ஓ.ஏ. புல்லு வெட்டலைன்னு லெட்டர் போடும். மட் அரசாங்கம். கட்டலைன்னா வீடு ஏலத்துக்குப் போகும்.

மாஜி டைரக்டர் | சனி, காலை 11:05

எங்க ஏரியா மட் போர்டுல நாலு வருஷம் டைரக்டரா இருந்தேன். தொழில்ல சிவில் இன்ஜினியர். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

டெக்சாஸ்ல நகர எல்லைக்கு வெளியே கவுன்ட்டி உங்களுக்குக் குடிதண்ணி, சாக்கடை எதுவும் கொண்டுவந்து தராது. ஒரு டெவலப்பர் 800 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்குறார்னு வெச்சுக்கோங்க. போர்வெல், தண்ணித் தொட்டி, சாக்கடைக் குழாய், சுத்திகரிப்பு நிலையம், மழைத்தண்ணி தேங்க ஏரி மாதிரி ஒரு குழி, எல்லாம் போட்டாத்தான் ஒரு மனையாவது விக்க முடியும். மனை வித்தாத்தான் காசு வரும். இந்த முடிச்சை அவுக்கத்தான் மட்.

சட்ட அடிப்படை பழசு. 1913, 1914 வெள்ளத்துக்கு அப்புறம் 1917ல மாநில அரசியல் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டுவந்தாங்க, 16ஆம் கூறு, 59ஆம் பிரிவு. நீர் சார்ந்த வேலைக்குன்னு தனி மாவட்டம் அமைச்சு வரி போடலாம், கடன் வாங்கலாம்னு அது வழி திறந்து விட்டுச்சு. இப்ப நாம பாக்கிற மட் 1971ல நீர்ச் சட்டத்தோட 54ஆம் அத்தியாயமா வந்தது. நில மதிப்புல பாதிக்கு மேல வெச்சிருக்கிறவங்க மனு போடணும். டெவலப்பர் ஒருத்தரே மொத்த நிலத்துக்கும் சொந்தக்காரர்னா அவர் ஒரு கையெழுத்தே போதும். டி.சி.இ.க்யூ.ங்கிற மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் உத்தரவு போட்டு உருவாக்கும், இல்லைன்னா சட்டமன்றமே தனிச் சட்டம் போட்டு உருவாக்கும். அஞ்சு டைரக்டர்.

டெவலப்பர் முதல்ல தன் காசைப் போட்டுக் குழாய் பதிப்பார். வீடுகள் எழும்பி, வரி போடற அளவுக்கு மதிப்பு வந்தப்புறம், மட் கடன் பத்திரம் வித்து அவர் செலவைத் திருப்பிக் கொடுக்கும். அந்தக் கடனை 25, 30 வருஷத்துக்கு நீங்க வரியா அடைப்பீங்க. மாசாமாசம் வர்ற தண்ணி பில் தனி, அது ஓட்டறதுக்கான செலவு.

இப்ப உங்க கடைசிக் கேள்வி. மாடு ஓட்டுப் போடலை, ஆனா அதுக்குப் பக்கத்துல ஒரு டிரெய்லர் நின்னிருக்கும். தேர்தல் நடத்த அந்த எல்லைக்குள்ள குடியிருக்கிற வாக்காளர் ஒருத்தராவது வேணும். அதனால டெவலப்பர் காலி நிலத்துல ஒரு மொபைல் ஹோமை நிறுத்தி, ரெண்டு பேரைக் குடிவெச்சு, அவங்க முகவரியை மாத்திப் பதிவு பண்ண வெப்பாங்க. அந்த ரெண்டு பேர் 18 கோடிக்கு ஒப்புதல் கொடுப்பாங்க. அப்புறம் டிரெய்லர் அடுத்த நிலத்துக்குப் போயிடும். டைரக்டர் ஆகத் தகுதி வரணும்னு அஞ்சு பேருக்கும் துண்டு துண்டா நிலம் எழுதிக் கொடுக்கிறதும் உண்டு. இது எதுவும் ரகசியமில்லை. பத்திரிகையில பல தடவை வந்தாச்சு, இன்னும் நடக்குது.

தாமிரபரணி | சனி, மதியம் 12:20

அண்ணாச்சி, இதை எப்படிச் சிரிக்காம எழுதினிய? ரெண்டு பேரு ஓட்டுப் போட்டு 18 கோடியா? எங்க ஊர் கூட்டுறவு சங்கத் தேர்தல்ல கூட ஒரு நாற்பது பேரையாவது வேன்ல ஏத்திட்டு வருவாவ.

ஒருத்தன் லாபத்துக்கு நிலம் வாங்குதான், அவனே ஓட்டாளியைக் குடிவெக்கான், அவன் செலவை நான் முப்பது வருசம் அடைக்கேன். இதுக்குப் பேரு உள்ளாட்சியா?

மாஜி டைரக்டர் | சனி, மதியம் 1:02

கோபம் நியாயம். ஆனா பாதிதான் நியாயம். குழாய்க்கு யாராவது காசு கொடுத்துத்தான் ஆகணும். மட் இல்லைன்னா டெவலப்பர் அதை மனை விலையில ஏத்துவார், நீங்க அதையே வீட்டுக் கடனா வாங்கி பேங்குக்கு வட்டி கட்டுவீங்க. மட் பத்திரத்து வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது, அதனால முதலீட்டாளர் குறைஞ்ச வட்டிக்கே வாங்குவாங்க. அந்த வட்டி உங்க வீட்டுக் கடன் வட்டியை விடக் கம்மியாத்தான் இருக்கும்.

அதோட டெவலப்பர் காசு நிஜமாவே மாட்டிக்கிட்டு இருக்கும். 1980களில் எண்ணெய் விலை விழுந்தப்ப ஹூஸ்டன் சுத்தி எத்தனையோ இடத்துல குழாய் போட்டாச்சு, வீடு வரலை. இருந்த கொஞ்ச வீட்டுக்காரங்க தலையில மொத்தக் கடனும் விழுந்துச்சு, சில மட் கட்ட முடியாம தவணை தவறினதும் உண்டு. இப்ப டி.சி.இ.க்யூ. ஒவ்வொரு பத்திர வெளியீட்டையும் பரிசீலிச்சு, இந்த வரிவிகிதத்துல கடன் அடையுமான்னு பாத்துத்தான் விடுது. அந்த வடு ஆறாததால வந்த விதி.

கணக்குப்பிள்ளை | சனி, மாலை 4:48

பிரபு, தத்துவத்தை விடுங்க, எண்ணைப் பாருங்க.

4,50,000க்கு 1.35 போட்டா வருஷத்துக்கு 6,075 டாலர். பக்கத்து ஊர் கேட்டியில (Katy) பன்னெண்டு, பதினஞ்சு வருஷப் பழைய குடியிருப்புல மட் 0.45ன்னு வெச்சுக்கங்க, 2,025. வித்தியாசம் 4,050, அதாவது மாசம் 337 சொச்சம். 6.5% வட்டியில முப்பது வருஷக் கடனுக்கு மாசம் 337 கட்டினா ஏறக்குறைய 53,000 டாலர் கடன் கிடைக்கும். அதனால கூடுதல் விலை மேல வர்ற வரியை விட்டுட்டுப் பாத்தா, உங்க 4,50,000 வீடும் பழைய ஏரியாவுல 5,03,000 வீடும் மாசச் செலவுல ஏறக்குறைய ஒண்ணுதான். (சமையலறை கவுண்ட்டர் கல்லைப் பாத்து மயங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடணும். நான் போடலை.)

"வீடு பெருகப் பெருக வரி குறையும்"னு சேல்ஸ்ல சொல்லியிருப்பாங்களே? அது பாதி உண்மை. 2.4 கோடி கடனை 300 வீடு சுமக்கிறது 1,200 வீடா ஆனா குறையத்தான் செய்யும். ஆனா உங்க தாள்ல இன்னும் 15.6 கோடி பாக்கி ஒப்புதல் இருக்கு. புதுசா ஒவ்வொரு பகுதி கட்டும்போதும் புதுப் பத்திரம் வரும். அதனால மொத்த ஊரும் கட்டி முடிக்கிற வரைக்கும் 1.35 பெருசா இறங்காம நிக்க வாய்ப்பு அதிகம். நீங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: டெவலப்பருக்குத் திருப்பித் தர வேண்டியது இன்னும் எவ்வளவு பாக்கி? மட்டோட வருஷாந்திரத் தணிக்கை அறிக்கையில இருக்கும். பத்திரம் விக்கும்போது போடற புத்தகம் எம்மா (EMMA)ங்கிற கடன் பத்திரத் தகவல் தளத்துல இலவசமாக் கிடைக்கும். அதுலயே "விகிதத்துக்கோ தொகைக்கோ சட்ட வரம்பு இல்லாத வரி"ன்னு ஒரு வாசகம் வரும். அதை ரெண்டு தடவை படிங்க.

காட்டன் புடவை | சனி, இரவு 8:15

யாரும் சொல்லாத ஒண்ணை நான் சொல்றேன், நாங்க அழுத அழுகை வேற யாரும் அழக்கூடாது.

டெக்சாஸ்ல வரி மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி. எங்க வீடு அந்தத் தேதியில வெறும் மண்ணு. 60,000 டாலர் மனைன்னு மதிப்புப் போட்டாங்க. பேங்க் அதை வெச்சு எஸ்க்ரோ (வரிக்குன்னு தவணையோட மாசாமாசம் பிடிச்சு வெக்கிற பணம்) கணக்குப் போட்டு மாசம் 2,700 தவணைன்னு சொன்னாங்க. ஆஹா நம்ம சம்பளத்துக்குச் சரியா இருக்கேன்னு சோஃபா, டிவி, ஊர்ல இருந்து மாமியாருக்கு டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் மதிப்பு வந்துச்சு, 3,80,000. மட் எல்லாம் சேர்த்து மொத்தம் 3.1%. வருஷ வரி 1,860லேருந்து 11,780 ஆச்சு. போன வருஷத்துப் பற்றாக்குறையையும் சேத்துப் பிடிச்சதுல தவணை 4,350. லெட்டரைப் பிரிச்சப்ப மாமியார் பக்கத்துல உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. "என்னடி முகம் மாறிடுச்சு"ன்னாங்க. ஒண்ணுமில்லைம்மான்னு உள்ள போயிட்டேன்.

பேங்க் சொல்ற முதல் வருஷத் தவணையை நம்பாதீங்க. முழு விலைக்கு முழு வரி போட்டு, அதை 12ஆல வகுத்து, உங்க எக்செல்ல நீங்களே போடுங்க.

ஸ்கார்பரோ சிவம் | ஞாயிறு, காலை 7:30

இஞ்ச ஒன்ராறியோவில இது வேற மாதிரி. புது வீடு கட்டுறவை நகரசபைக்கு அபிவிருத்திக் கட்டணம் கட்டவேணும். 1997ஆம் ஆண்டுச் சட்டம். ரொறன்ரோவில ஒரு தனி வீட்டுக்கு அது 2024இல ஒரு லட்சம் டொலரைத் தாண்டி நிண்டது. கட்டுறவர் தன்ர பையிலயிருந்தே குடுக்கிறார்? வீட்டு விலையில ஏத்தி எங்களிட்டத்தான் வாங்குறார். எங்கட பிள்ளையள் வீடு வாங்கேலாமல் நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டு கதைக்கினம்.

உங்கட முறையில வீட்டு விலை குறைவு, வரி கூட. எங்கட முறையில விலை கூட, வரி குறைவு. ஆனால் ஒண்டு, இஞ்ச அந்தக் கட்டணத்தை முடிவெடுக்கிறது வாக்குப் போட்டுத் தெரிவான நகரசபை. ரெண்டு பேர் இருந்த டிரெய்லர் இல்லை.

பே ஏரியா பாஸ்கர் | ஞாயிறு, காலை 10:11

கலிஃபோர்னியாவுல இந்த மாதிரி வரிக்குப் பேரு மெல்லோ-ரூஸ். 1978ல ப்ராப் 13ங்கிற சட்டத் திருத்தம் வந்து சொத்து வரியைக் கட்டிப்போட்டுச்சு, 1982ல இது பின்வாசல் வழியா வந்துச்சு. வீட்டு மதிப்புக்கு ஏத்த வரி இல்லை, தனி வரி. பேரு மாறும், பில்லு மாறாது.

ஆலந்தூர் ஆசாமி | ஞாயிறு, மதியம் 2:35

இந்த இழையைப் படிச்சதும் எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு. 1990களோட கடைசியில ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடை போடறோம், வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கட்டுங்கன்னு கேட்டுச்சு. கடைக்கு, கம்பெனிக்கு 10,000. ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவரா இருந்த சமயம். அதுவரைக்கும் தெருத்தெருவா செப்டிக் டேங்க்தான், லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகும். சாக்கடை வரப்போகுதுன்னு சொல்லி முன்பணம் கேட்டா நம்ம ஊர்ல யார் கொடுப்பா? அப்பா ஒரு வாரம் திட்டிக்கிட்டே திரிஞ்சார். அப்புறம் குடியிருப்போர் சங்கத்து ஆளுங்க வீடு வீடா வந்து உக்காந்து பேசினாங்க. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி ஓட்டறது, பாக்கிக்குக் கடனும் மானியமும், மாசக் கட்டணம் இவ்வளவுன்னு. கட்டினார். 2003 வாக்குல இணைப்பு வந்துச்சு. ரசீது இன்னும் அவர் பீரோவுல இருக்கு, மகாபலிபுரம் டூர் போன போட்டோவுக்கு அடியில.

குழாய் போடக் காசு வேணும்ங்கிறது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். ஆலந்தூர்ல கேட்டது குடியிருக்கிறவங்க கிட்ட. எங்கப்பா திட்டினார், ஆனா திட்டறதுக்கு எதிர்ல ஒரு ஆள் உக்காந்திருந்தார்.

மாஜி டைரக்டர் | ஞாயிறு, மாலை 5:20

ஆலந்தூர் ஆசாமி, நீங்க கடைசியா எழுதினதைத்தான் நான் நாலு வருஷமா சொல்லத் தெரியாம முழிச்சேன். மட் உருவாகும்போது கட்டப்போறவன் யாருமே அங்க இல்லை. தில்லுமுல்லுன்னு சொல்றதை விட, வராத விருந்தாளிக்கும் சேத்து பில் எழுதி வெச்சுட்டாங்கன்னு சொல்லலாம். ஆனா விருந்தாளி வந்தப்புறமும் பில்லைப் பாக்கிறதில்லையே, அதுதான் எனக்கு ஆத்தாமை.

போர்டு மீட்டிங் எப்படி இருக்கும்னு சொல்றேன். மாசத்துக்கு ஒரு தடவை, வேலை நாள், காலை 11:30. இடம் எங்க ஊர்ல இல்லை, வக்கீல் ஆபீஸ்ல, 25 மைல் தள்ளி, பதினோராவது மாடி. நீள மேஜை, சாண்ட்விச். அஞ்சு டைரக்டர், எதிர்ல வக்கீல், இன்ஜினியர், கணக்கர், வரி வசூல் பண்றவர், நிதி ஆலோசகர், தண்ணி ஓட்டற ஆப்பரேட்டர். பொதுமக்களுக்குன்னு ரெண்டு நாற்காலி சுவர் ஓரமா. நாலு வருஷத்துல அந்த நாற்காலியில ஆள் உக்காந்து நான் பாத்தது மூணே தடவை. அதுல ஒருத்தர் மாடி மாறி வந்தவர்.

ஆப்பரேட்டர் அறிக்கைதான் எனக்குப் பிடிச்ச பகுதி. இவ்வளவு கேலன் இறைச்சோம், இவ்வளவு பில் போட்டோம், நடுவுல இவ்வளவு காணோம்னு சொல்வார். ஒரு நவம்பர் மாசம் ஒரு போட்டோவை மேஜை மேல வெச்சார். லிஃப்ட் ஸ்டேஷன், அதாவது சாக்கடைத் தண்ணியை மேல ஏத்தி விடற நிலையத்துப் பம்பு. அதுல வெள்ளையா, பன்னு மாதிரி உப்பி, நாலு பேர் சேர்ந்து தூக்கற கனத்துல ஒரு கட்டி. எண்ணெயும் ஈரத்துடைப்பானும் சேர்ந்து இறுகினது. "எல்லா வருஷமும் அக்டோபர், நவம்பர் வாக்குல இப்படி வருது, ஏன்னு தெரியலை"ன்னார். எனக்குத் தெரிஞ்சது. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் மொத்தமும் சிங்க் வழியா அங்க வந்து சேர்ந்திருக்கு. நம்ம குடியிருப்புல பாதிக்கு மேல நம்ம ஆட்கள். பம்பு மாத்தற செலவும் நம்ம வரிதான். அன்னிக்கு சாண்ட்விச் எறங்கலை. அடுத்த மாச தண்ணி பில்லோட தமிழ், தெலுங்கு, இந்தியில ஒரு சீட்டு வெச்சோம், எண்ணெயை ஆறவெச்சு டப்பாவுல ஊத்திக் குப்பையில போடுங்கன்னு. என் நாலு வருஷச் சாதனை அதுதான்.

தாமிரபரணி | ஞாயிறு, மாலை 6:02

எங்க வீட்டுல சிங்க்லதான் ஊத்துதோம். மன்னிச்சிருங்க அண்ணாச்சி.

தண்ணி பில்லுன்னதும் ஒண்ணு கேக்கணும். பில்லுல தண்ணிக்கு ஒரு காசு, அதுக்குக் கீழ "ரீஜனல் வாட்டர் அத்தாரிட்டி"ன்னு தண்ணியை விடக் கூடுதலா ஒரு காசு. இது என்ன புதுப் பூதம்?

மாஜி டைரக்டர் | ஞாயிறு, மாலை 6:40

மட் பண்ற வேலையோட பின்விளைவு. ஒவ்வொரு குடியிருப்பும் தனித்தனியா போர் போட்டு உறிஞ்சினா நிலம் இறங்குது. ஹூஸ்டன் கப்பல் கால்வாய்ப் பக்கம் போன நூற்றாண்டுல பத்தடி வரைக்கும் இறங்கின இடம் உண்டு. பேடவுன்ல பிரவுன்வுட்னு ஒரு குடியிருப்பு இறங்கி இறங்கி, 1983ல அலிசியா புயலோட கைவிட்டாச்சு. இன்னிக்கு அது இயற்கைப் பூங்கா. அதனால 1975ல நிலம் இறங்கறதைத் தடுக்கன்னே ஒரு மாவட்டம் போட்டாங்க, ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டிக்கு 1989ல தனியா ஒண்ணு. நிலத்தடி நீரைக் குறைச்சு ஆத்துத் தண்ணிக்கு மாறணும்னு உத்தரவு. நூத்துக்கணக்கான குட்டி மட் தனித்தனியா ஆத்துக்குக் குழாய் போட முடியாதே. அதனால எல்லாத்தையும் சேத்து மேல ஒரு அத்தாரிட்டி, அது ஒரு கட்டணம். இடியாப்பம் மாதிரி, எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு தெரியாது.

சுகர்லேண்ட் மாப்ளே | ஞாயிறு, இரவு 9:10

ஒருநாள் ஹூஸ்டன் நகரமே நம்மள இழுத்துக்கிட்டா மட் ஒழியும்னு சொல்றாங்களே?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9:33

அந்தக் காலம் போச்சு. 1996ல கிங்வுட்டை அங்க இருந்தவங்க எதிர்ப்பையும் மீறி ஹூஸ்டன் இணைச்சுக்கிச்சு. கோர்ட்டுக்குப் போயும் ஒண்ணும் நடக்கலை. அந்தக் கசப்புல சட்டத்தை ஒவ்வொரு தடவையா இறுக்கி, 2017, 2019ல வந்த சட்டங்களுக்கப்புறம் குடியிருப்பவங்க சம்மதம் இல்லாம இணைக்க முடியாது. அப்படி இணைச்சா மட் கடனை நகரம் ஏத்துக்கும், மட் வரி போகும், அதுக்குப் பதிலா நகர வரி வரும். இப்ப ஹூஸ்டன் புத்திசாலித்தனமா கடைத்தெருவை மட்டும் பெயரளவுக்கு இணைச்சு விற்பனை வரி வாங்கிக்குது, பாதியை மட்டுக்குக் கொடுக்குது. உங்க மட்டுக்குள்ள பெரிய மளிகைக் கடை வந்தா உங்களுக்கு லாபம்.

புதுவீட்டு பிரபு | திங்கள், காலை 8:05

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன். காட்டன் புடவை அக்கா சொன்ன மாதிரி எக்செல் போட்டேன். வீட்டம்மாகிட்டக் காட்டினேன், பேசவே இல்லை.

ஒரு சந்தேகம். நான் எச்-1பி. ஓட்டு கிடையாது. மீட்டிங் போனா மட்டும் என்ன ஆகும்?

மாஜி டைரக்டர் | திங்கள், மதியம் 12:15

ஓட்டு இல்லை, உண்மை. நம்ம குடியிருப்புகள்ல வரி கட்டற வீடு நிறைய, ஓட்டுள்ள வீடு கொஞ்சம். டைரக்டர் தேர்தல்ல நூறு பேர் வந்தாலே அது பெரிய கூட்டம். நான் ஜெயிச்சது 61 ஓட்டுல.

ஆனா கூட்டம் பொதுக் கூட்டம். யார் வேணும்னாலும் போகலாம், வரி கட்டறவர்னு பேசலாம், பேச விட்டே ஆகணும், அது சட்டம். இன்னொண்ணு: எல்லைக்குள்ள 50 வாக்காளர் குடிவந்தப்புறம் அதுல அஞ்சு பேர் எழுதிக் கொடுத்தா மீட்டிங்கை ஊருக்குள்ளயே, இடமில்லைன்னா பத்து மைலுக்குள்ள, நடத்தணும். எங்க ஊர்ல அஞ்சு கையெழுத்துக்கு நான் தெரு தெருவா அலைஞ்சேன். நாலாவது கையெழுத்து, கார் கராஜ்ல ஆயில் மாத்திக்கிட்டு இருந்த ஒரு வியட்நாம் தாத்தா. என்ன ஏதுன்னு கேக்கவே இல்லை. "தண்ணி பிரஷர் கம்மியா இருக்கு, அதையும் எழுது"ன்னார். எழுதினேன். இப்ப கூட்டம் சாயங்காலம் ஆறரைக்கு, கிளப் ஹவுஸ்ல. சாண்ட்விச் மட்டும் நின்னுபோச்சு.

2021 பிப்ரவரி பனியில மூணு நாள் கரண்ட் போனப்ப எங்க தண்ணி நிலையத்துல ஒரு ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துடுச்சு. கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு நோட்டீஸ். அப்ப மட்டும் எனக்கு 200 மெசேஜ். அதுக்கு முன்னாடி ஜெனரேட்டர் வாங்கலாமா, ரெண்டாவது ஒண்ணு வேணுமான்னு மூணு கூட்டம் பேசினோம், சுவர் ஓரத்து நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு.

புதுவீட்டு பிரபு | இரண்டு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 10:48

அப்டேட். அந்த மட்டோட பத்திரப் புத்தகத்தை எம்மாவுல எடுத்தேன். மொத்த நிலத்துல மூணுல ஒரு பங்குதான் இதுவரை மனை போட்டிருக்காங்க. டெவலப்பருக்குத் தர வேண்டிய பாக்கி, இதுவரை வெளியிட்டதை விட அதிகம். சேல்ஸ் அம்மாகிட்ட அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இந்தப் பக்கம் வரைக்கும் படிச்சவர் நீங்கதான் முதல் ஆள்"னாங்க. பாராட்டா திட்டான்னு தெரியலை. ஆனா விலையில 12,000 குறைக்கிறேன்னாங்க.

குறைச்சதை வேணாம்னு சொல்லிட்டு, கேட்டியில 2011ல கட்டின வீடு ஒண்ணுக்கு ஆஃபர் போட்டிருக்கோம். 4,75,000, மட் 0.41. கிழக்கு வாசல் இல்லை, வடக்கு. பூஜை அறைக்குப் படிக்கட்டுக்குக் கீழ இடம் ஒதுக்கலாம்னு வீட்டம்மா மூணு நாள் கழிச்சுப் பேசினாங்க. ஞாயித்துக்கிழமை இன்ஸ்பெக்ஷன்.

சுகர்லேண்ட் மாப்ளே | வெள்ளி, இரவு 11:02

வாழ்த்துகள். கூரை எந்த வருஷம் மாத்தினது? ஆலங்கட்டி மழை அடிச்சுச்சா? ஏசி ஒரிஜினலா? 2011 ஏசின்னா இந்த ஆகஸ்ட்ல போயிடும், அந்த 337ஐ அதுக்கு எடுத்து வெச்சுக்கங்க.